உலகத்தை உப்பில் போட்ட கதை

இந்த முறை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

டி.வி. ரிமோட்டில் விட்டுக்கொடுத்தேன். காபியில் சர்க்கரையை விட்டுக்கொடுத்தேன். மீசையின் நீளத்தில்கூட விட்டுக்கொடுத்தேன். ஆனால் மேப்? நடக்காது. இந்தத் தங்கராசு உயிரோடு இருக்கும்வரை அவன் மேப்பில் கத்தரிக்கோல் விழாது!

இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் பெண்டாட்டி சுலோசனா பக்கத்துச் சமையலறையில்தான் இருந்தாள். மனசுக்குள் சொன்னேன். ஆனால் மனசுக்குள் ரொம்பச் சத்தமாகச் சொன்னேன்.

நான் மரக்காணத்தில் உப்பளம் வைத்திருப்பவன். பாத்தி, வரப்பு, உப்பு, வெயில். அதைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை. சென்னை பஸ்ஸில் ஏறினால் கல்பாக்கம் வருவதற்குள் எனக்கு வாந்தி வந்துவிடும். அப்படிப்பட்டவனுக்கு ஊர் சுற்றும் ஆசையை மட்டும் கடவுள் லோடு லோடாக இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். திண்டிவனத்தில் பள்ளிக்கூடச் சாமான் விற்ற கடை ஒன்றை மூடினார்கள். மூலையில் தூசியோடு கிடந்த பழைய சுவர் மேப்புகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். பின்னால் துணி ஒட்டி, முன்னால் வார்னிஷ் பூசி, மேலும் கீழும் கட்டை அடித்த மேப்புகள். உலகப் படம் கூடத்துச் சுவரில். மற்ற கண்டமெல்லாம் பரண் மேல்.

ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு சாப்பிட்டதும் ஒரு கண்டத்தை இறக்கித் தரையில் விரித்து, பக்கத்தில் படுத்துக்கொள்வேன். எகிப்தில் கிளம்பினால் சாயங்காலக் காபிக்குள் கேப் டவுன் போய்விடலாம். வாந்தியும் வராது. இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள்!

சுலோசனாவுக்கு வேறு பைத்தியம். பழைய காட்டன் துணியைக் கிழித்து, ஊறவைத்து, கூழாக அரைத்து, சல்லடைச் சட்டத்தில் அள்ளிக் காயவைத்துக் காகிதம் செய்வாள். பொம்மையார்பாளையத்தில் ஒரு பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தாள். அந்தக் காகிதத்தை நூலால் தைத்து அட்டை போட்டால் நோட்டு. நோட்டு என்று சொன்னால் முறைப்பாள். ஜர்னலாம். பாண்டிச்சேரியில் ஒரு கடை வாங்கிக்கொள்கிறது. என் பனியன்களில் பாதி இன்றைக்கு எவனோ வெள்ளைக்காரனின் டைரியாக இருக்கிறது. அதற்கு நான் ஏதாவது சொன்னேனா? பனியன் போனால் போகட்டும் என்று இருந்துவிட்டேன். அங்கேதான் அவளுக்குத் துளிர் விட்டுப்போச்சு.

"என்னாங்க."

அந்த 'என்னாங்க'வில் ஒரு குழைவு இருந்தது. குழைவு என்றாலே என்னிடமிருந்து ஏதோ ஒன்று போகப்போகிறது என்று அர்த்தம்.

"கடைக்காரம்மா டிசம்பர் சீசனுக்கு மேப்பு ஜர்னல் கேக்கறாங்க. பழைய மேப்பை வெட்டி அட்டையில ஒட்டணுமாம். கடல் இருக்கற பக்கத்தை மடிச்சு உள்ள ஒரு பாக்கெட்டு. ஓரத்துல மிஞ்சற துண்டுல கவரு, புக்மார்க்கு. செமையா இருக்கும்."

"இருக்கும், இருக்கும்."

"இது மட்டும் நல்லா வந்துடுச்சுன்னா வருஷம் பூரா என்கிட்டயே வாங்கறேன்னு சொல்லிட்டாங்க."

"நல்ல விஷயம்தான். பழைய மேப்புக்கு எங்க போவே?"

அவள் பரணைப் பார்த்தாள். நானும் பரணைப் பார்த்தேன்.

"முடியாது!"

"நான் ஒன்னுமே கேக்கலியே."

"பாத்த இல்ல? அதுவே கேட்ட மாதிரிதான்."

"ஆப்பிரிக்கா மட்டும் குடுங்க."

"ஆப்பிரிக்கா மேல கை வெச்சே, நான் மனுஷனா இருக்க மாட்டேன்!"

"இப்ப மட்டும்..." என்று ஆரம்பித்தவள், ஏதோ நினைத்து நிறுத்திக்கொண்டாள். "சரி, விடுங்க. நீங்களா உங்க கையால எடுத்துக் குடுக்காம நான் ஒன்னைக்கூட தொட மாட்டேன். திரௌபதி அம்மன் மேல சத்தியம். போதுமா?"

எனக்குப் பகீரென்றது. சுலோசனா சண்டை போட்டால் எனக்குத் தோல்வி. அவள் ஒத்துக்கொண்டால் படுதோல்வி. இத்தனை வருஷக் குடித்தனத்தில் நான் உருப்படியாகத் தெரிந்துகொண்டது இது ஒன்றுதான்.

நேரே பக்கத்து வீட்டு அப்துல் ஜலீல் பாயிடம் ஓடினேன். சவூதியில், தம்மாமில் ரொம்ப வருஷம் இருந்துவிட்டு வந்து, இப்போது வீட்டு வாசலிலேயே மளிகைக்கடை போட்டிருக்கிறார்.

"பாய், என் வீட்டுக்காரி மேப்புக்குக் குறி வெச்சுட்டா."

"குடுத்துடுப்பா. நேரமாவது மிச்சமாவும்."

"இல்ல பாய். இந்தவாட்டி நான்தான் ஜெயிக்கப் போறேன்."

பாய் துவரம்பருப்பு நிறுப்பதை விட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்ஷா அல்லாஹ்" என்றார். அதில் நம்பிக்கை கொஞ்சம் கம்மியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் சுலோசனா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒட்டடைக் குச்சியோடு நின்றாள்.

"தீவாளி வருது. பரண், பீரோ, கட்டிலுக்கு அடியில, ஒரு எடம் பாக்கி இல்லாம எல்லாத்தையும் கவுத்துப் போட்டு சுத்தம் பண்ணப் போறேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். உங்க உப்புக் கொட்டகையை மட்டும் நீங்களே பாத்துக்கோங்க. குதிகால் வெடிப்புல உப்பு பட்டா உயிரே போவுது. அந்தத் திசைக்கே நான் வர மாட்டேம்பா."

என் மூளையில் பல்பு எரிந்தது. உப்புக் கொட்டகை! ஐப்பசி மழையில் பாத்தியெல்லாம் ஏரியாகக் கிடக்கிறது, அங்கே ஆள் நடமாட்டமே இல்லை. விற்காமல் மிஞ்சிய உப்பு மட்டும் கொட்டகையில் அம்பாரமாகக் கிடக்கிறது. கூரையில் ஒரு பொத்தல் கிடையாது. எத்தனை மழை அடித்தாலும் ஒரு சொட்டு உள்ளே போகாது. மரக்காணத்திலேயே மழை நுழையாத இடம் அதுதான்!

அவள் குளிக்கப் போன நேரத்தில் கண்டங்களை இறக்கி, சாக்கில் சுருட்டி, டி.வி.எஸ். வண்டியில் கட்டிக்கொண்டு பறந்தேன். உலகப் படத்தை மட்டும் எடுக்கவில்லை. சுவர் காலியானால் சந்தேகம் வருமே! கொட்டகைக் காவலுக்கு இருக்கும் கண்ணாயிரத்திடம் சொன்னேன்: "யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

"நான் ஏன் மொதலாளி விடப் போறேன்" என்றான்.

அதற்கப்புறம் நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தேன். குழம்பில் உப்பு கம்மி என்று ஒருநாள் துணிந்து சொல்லிவிட்டேன். சுலோசனா உப்பு ஜாடியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். பாவம், அட்டை ஒட்டாத ஜர்னல்களைத் தைத்துத் தைத்துக் கூடத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மேப்பு கெடைச்சுதா?" என்று கேட்டேன். ஜெயித்தவனுக்குக் கொஞ்சம் கருணையும் வேண்டும் இல்லையா?

"கெடைக்கும்ங்க."

கொல்லைப்புறத்தில் உப்பளத்தில் நான் போட்டுக்கொள்ளும் ரப்பர் கம்பூட் மட்டும் தினமும் ஈரமாகக் கிடந்தது. மழைக்காலம், ஈரம் இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் மழை வெறித்தது. ஆசையோடு கொட்டகைக்குப் போய்ச் சாக்கைப் பிரித்தேன். பிரித்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆப்பிரிக்கா நமுத்த அப்பளமாகத் தொங்கியது. துணி தனியாக, படம் தனியாகக் கழன்று வந்தது. ஐரோப்பாவும் அப்படியே. ஆசியாவும் அப்படியே!

காலமெல்லாம் உப்பை மழையிலிருந்து காப்பாற்றிக்கொண்டு வருகிறவன் நான். உப்பிடமிருந்து ஒன்றைக் காப்பாற்ற வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும் என்று உப்பளத்துக்காரனுக்கு யாராவது பாடம் எடுக்க வேண்டுமா? அதே கொட்டகையில் பிஸ்கெட்டைப் பிரித்து வைத்தால் டீ வருவதற்குள் நமுத்துப்போகும். நமுத்த பிஸ்கெட்டை எத்தனை நாள் தின்றிருக்கிறேன்! அந்தப் புத்தி மேப்பு விஷயத்தில் எங்கே போய்த் தொலைந்ததோ.

கண்டங்களைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன்.

"சுலோசனா, ஆப்பிரிக்கா போச்சுடி!"

"ஐயையோ! உங்க உசிராச்சேங்க அது!" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

"ஏதாவது பண்ணேன்."

"நான் இன்னா பண்றது? தொட மாட்டேன்னு அம்மன் மேல சத்தியம் பண்ணியிருக்கேனே."

"இந்தா, என் கையாலயே குடுக்கறேன். தொடு!"

"மனசாரக் குடுக்கறீங்களா?"

"மனசார!"

"அப்புறம் சொல்லிக் காட்டக் கூடாது."

"மாட்டேன், மாட்டேன். எப்படியாவது காப்பாத்து!"

நான் மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்புவதற்குள் பாயில் கண்டங்கள் வரிசையாகப் பரப்பியாகிவிட்டது. பசை தயாராக இருந்தது. கத்தரிக்கோல் தயாராக இருந்தது. எவ்வளவு சுறுசுறுப்பான பெண்டாட்டி என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்குப் பசை தடவிக்கொடுக்க நானே பக்கத்தில் உட்கார்ந்தேன். சஹாரா அட்டை ஆனது. அட்லாண்டிக் பாக்கெட் ஆனது. நைல் நதியை நீளவாக்கில் வெட்டி, நுனியில் நூல் கட்டி, புக்மார்க் ஆக்கிவிட்டாள்.

ஒரு ஜர்னலை மட்டும் தனியாக எடுத்து என்னிடம் நீட்டினாள். அட்டையில் வங்கக்கடல். கரையோரத்தில் சிவப்பு நூலால் ஒரே ஒரு சின்ன முடிச்சு.

"இது இன்னா?"

"மரக்காணம். எந்த மேப்புலயும் நம்ம ஊரைக் காணோம்னு பூதக்கண்ணாடி வெச்சுத் தேடுவீங்களே. அதான் நானே வெச்சுட்டேன்."

பரணில் சுருண்டு கிடந்ததைவிட இது எவ்வளவோ மேல் என்று தோன்றியது. நிஜமாகத்தான் சொல்கிறேன், அந்த முடிச்சைத் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

"சுவத்துல இருக்கற உலகப் படம் உங்களுக்கே இருக்கட்டும்ங்க. அதை நான் கேக்கவே மாட்டேன்" என்றாள். எப்பேர்ப்பட்ட மனசு!

சுலோசனா முதலில் கொண்டுபோன அத்தனையையும் கடைக்காரம்மா ஒரே பார்வையில் வாங்கிக்கொண்டார். வருஷம் பூரா வாங்குவதாக உறுதியும் சொல்லிவிட்டார். மிஞ்சிய ஜர்னல்களைக் கொடுக்க சுலோசனா காலை பஸ்ஸில் பாண்டிச்சேரி போனாள். நான் கொட்டகைப் பக்கம் போனேன்.

"இன்னா மொதலாளி, அடுத்த லோடு மேப்பு எப்போ வருது?" என்றான் கண்ணாயிரம்.

"இன்னாது?"

"அம்மா பரவால்ல, வெவரமானவங்க. பக்கெட் தண்ணியில போட்டா சாயம் ஓடிடுதாமே. அட்டையில ஒட்டறதுக்குத் துணி மட்டும் உரியணும், சாயம் ஓடக் கூடாதுன்னா உப்புப் பக்கத்துல வெச்சாதான் பதமா நமுக்குமாம். தெனமும் உங்க கம்பூட்டைப் போட்டுக்கினு வந்து பாத்துட்டுப் போவாங்க."

"தொட்டாளா?"

"சேச்சே! சத்தியமாமே. ஒட்டடைக் குச்சியாலதான் காட்டுவாங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நமுக்கணும்னு நான்தான் திருப்பித் திருப்பிப் போட்டேன்."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"யார்கிட்டயும் மூச்சு விடாதன்னு நீங்கதானே மொதலாளி சொன்னீங்க?"

அந்த இடத்திலேயே சபதம் எடுத்தேன். இந்தத் தடவை மனசுக்குள் இல்லை, வாய்விட்டே எடுத்தேன். உலகத்தை விட மாட்டேன்! அவள் கேட்க மாட்டேன் என்று சொன்னதன் அர்த்தம் இப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் பாண்டிச்சேரியிலிருந்து திரும்புவதற்குள் காரியம் முடிய வேண்டும். வீட்டுக்குப் பாய்ந்தேன். உலகப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். இந்தத் தடவை உப்பு இல்லாத இடம். அரிசியும் பருப்பும் நமுக்காமல் இருக்கிற இடம்.

வேர்க்க விறுவிறுக்க ஜலீல் பாய் கடையில் போய் நின்றேன்.

"பாய், இதை உங்க குடோன்ல வெச்சுக்கணும். சுலோசனாவுக்கு மட்டும் தெரியவே கூடாது."

பாய் உலகத்தை இரண்டு கையாலும் பதமாக வாங்கிக்கொண்டார்.

"குடுப்பா, குடு. தங்கச்சி பஸ் ஏறப் போறப்பவே சொல்லிட்டுப் போச்சு. கல்லுப்பு மூட்டைங்களுக்கு நடுவுல எடம் ஒழிச்சு வெச்சிருக்கேன்."