மில்லிக்கன் வீட்டுக் குளிர்பெட்டியில் என் ஒருநாள் உப்பு

குளிர்பெட்டியின் கதவு திறக்கும்போது ஒரு சத்தம் வரும். ரப்பர் விளிம்பு மனமில்லாமல் ஒட்டுவிட்டுப் பிரியும் சத்தம். அதன் பின்னால் கதவுத் தட்டில் நிற்கும் போத்தல்கள் ஒன்றையொன்று இடித்துச் சிணுங்கும். ஊருக்கு அது பால் எடுக்கும் சத்தம். எனக்கு அது தீர்ப்பு வாசிக்கும் சத்தம். யார் வீட்டுக்காவது விருந்துக்குப் போய், நான் கொண்டுபோன பையை வீட்டுக்காரி வாங்கிக்கொண்டு குசினிப் பக்கம் நடந்தால், ஐம்பதைத் தாண்டிய இந்த நெஞ்சு இன்றைக்கும் திக்கென்கிறது. (பையில் இருப்பது மாம்பழம்தான் என்று எனக்கே தெரிந்திருந்தாலும்.)

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவில் ஒரு கோடைச் சனிக்கிழமை, பெண் பார்க்கப் போன வீட்டுக்கு நான் ஒரு கான் நிறைய என் சிறுநீரைக் கொண்டுபோனேன்.

இதற்குமேல் பயணம் செய்ய விரும்பாதவர்கள் இந்தத் தரிப்பிலேயே இறங்கிக்கொள்ளலாம்.

அப்போது ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற் அறையில் இருந்தேன். மாலையில் உணவகமொன்றில் கோப்பை கழுவுவேன். பகலில் கவிதை எழுதுவேன். (கோப்பைகள் சுத்தமாக வந்தன.) ஒரு வேலையில் நிற்கத் தெரியாத கால்கள், ஒரு வரியில் நிற்கத் தெரியாத மனம். அந்த நாட்களில்தான் டொக்டர் ஹயாசி அகப்பட்டார். ஜப்பானில் கடலோர நகரமொன்றின் மருத்துவக் கல்லூரியிலிருந்து, நகர மையத்தில் இருந்த ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஆய்வுக்காக வந்திருந்தார். கடல் கடந்து வந்து குடியேறியவர்கள் எவ்வளவு உப்புத் தின்கிறார்கள், அந்த உப்பு அவர்களுடைய இரத்த அழுத்தத்தை என்ன செய்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. தமிழ்க் குடும்பங்களோடு பேசி அவர்களை ஆய்வுக்குள் சேர்க்க ஒருவர் வேண்டியிருந்தது. என்னை எடுத்தார். "கொஞ்சக் காலம் பார்ப்போம். ஆட்கள் வந்தால் நீங்களும் இருக்கலாம்," என்றார். கோப்பைகளிலிருந்து கரையேற எனக்குக் கிடைத்த முதல் ஓடம் அது.

ஓடத்தில் ஓர் ஓட்டை இருந்தது.

"எவ்வளவு உப்புச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது," என்று டொக்டர் தன் நிதானமான ஆங்கிலத்தில் விளக்கினார். "என் அம்மா உப்பே போடுவதில்லை என்பார். அவருடைய முள்ளங்கி ஊறுகாயைக் கடித்தால் எனக்கு அலைச் சத்தம் கேட்கும். வாய் மறந்துவிடும். சிறுநீர் மறக்காது." ஆகவே ஆய்வுக்கு வருகிறவர் ஒரு முழு நாளின் சிறுநீரை, துளி சிந்தாமல், செம்மஞ்சள் நிறப் பிளாஸ்ரிக் கான் ஒன்றில் சேர்த்து, குளிரில் வைத்துக் கொண்டுவர வேண்டும்.

இதை எங்கள் ஆட்களிடம் போய்ச் சொல்ல வேண்டியவன் நான்.

"தம்பி," என்றார் நான் கதவு தட்டிய ஓர் அன்ரி, கானை ஒரு விரலால் தள்ளி வைத்தபடி. "வீடு, வளவு எல்லாத்தையும் விட்டிட்டு வந்தனாங்கள். இப்ப இதையும் குடுக்கோணுமோ?"

கதவுகள் மரியாதையாகச் சாத்தப்பட்டன. ஒருவரும் வரவில்லை. டொக்டர் கோபிக்கவில்லை, ஆய்வுகூடத்துக் குளிர்பெட்டியைத் திறந்து, தன் பெயர் எழுதிய ஒரு கானைக் காட்டினார். "நான் கொடுத்துவிட்டேன். நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை. நீங்கள் செய்யாததை எப்படி மற்றவர்களிடம் கேட்பீர்கள்?" சனிக்கிழமை எனக்காகவே வருவதாகவும் மதியம் வரை காத்திருப்பதாகவும் சொன்னார். காத்திருப்பேன் என்றுதான் சொன்னார். அதற்குப் பிறகு என்ன என்று சொல்லவில்லை. எனக்குக் கேட்டது.

அந்த வெள்ளிக்கிழமை ஓர் இனத்தின் மானமே என் சிறுநீர்ப்பையில் இருப்பதாக நினைத்தேன். தமிழன் உப்பைத் தின்கிறவன் என்று ஜப்பானில் பதிவாகிவிடக்கூடாது! காலையில் உப்பில்லாத கஞ்சி. மதியம் உப்பில்லாத கஞ்சியின் மிச்சம். பொழுதுபட, அறைத் தோழன் கருவாட்டுக் குழம்பு வைத்தான். புளியும் கருவாடும் சட்டிக்குள் சந்தித்த அந்த மணத்தில் இனமானம் எழுந்து, கைகழுவி, சட்டிக்கு முன்னால் குந்தியது. இரண்டு தரம் போட்டுத் தின்றேன்.

சனிக்கிழமை காலை கான் தயார். தெருவில் யாரும் பார்த்துச் சிரிக்கக்கூடாதே என்று, ஐஸ் கட்டிகளைச் சுற்றி வைத்து, இருந்ததிலேயே அழகான பை ஒன்றுக்குள் இறக்கினேன். இனிப்புக் கடைப் பை. இரண்டு பக்கமும் லட்டுப் படம். (என் வாழ்நாளில் நான் செய்த அலங்காரங்களெல்லாம் இப்படித்தான் முடிந்திருக்கின்றன.)

ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுவதாக அத்தான் சொல்லியிருந்தார். அக்காவின் கணவர். நல்ல மனிதர், பொய் சொல்லமாட்டார், உண்மைக்குக் கொஞ்சம் உப்புப் போடுவார், அவ்வளவுதான். ஏறியதும் கார் வடக்கே திரும்பியது.

"அத்தான், ஆஸ்பத்திரி தெற்கை."

"தெரியும் மச்சான். போற வழியிலை மில்லிக்கனிலை ஒரு வீட்டை தலையைக் காட்டிப்போட்டுப் போவம்."

"மில்லிக்கன் எப்பிடிப் போற வழி?"

"ரொறன்ரோவிலை எல்லாம் போற வழிதான்."

"ஆற்றை வீடு?"

"தெரிஞ்ச ஆக்கள். ஒரு பிள்ளை இருக்கு. சேட் பொத்தானைப் பூட்டு."

செல்போன் சட்டைப்பையில் வராத காலம். ஓடும் காரிலிருந்து குதிக்கலாம். ஆனால் துளி சிந்தக்கூடாதே. வீட்டு வாசலில் கார் நின்றபோது வெயில் தகரத்தில் பொரிந்துகொண்டிருந்தது. காருக்குள் விட்டால் கான் வெந்துவிடும். பையைத் தூக்கிக்கொண்டே இறங்கினேன். அத்தான் பையில் இருந்த லட்டுப் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "எடேய், உனக்கும் உலகம் தெரியுது!" என்றார்.

கதவைத் திறந்த அன்ரி என்னைப் பார்க்குமுன் பையைப் பார்த்தார். "அட, ஏன் தம்பி உதெல்லாம்? வெறுங்கையோடை வந்தால் உள்ளுக்கு விடமாட்டமோ?" கேட்டபடியே பை அவர் கைக்கு மாறிவிட்டது. வாய் திறக்க எனக்கு ஒரு கணம் இருந்தது. எத்தனையோ வசனங்களைச் சொல்லியிருக்கலாம். டொக்டரின் ஆள் என்ற பொறுப்பு மட்டும் முந்திக்கொண்டது.

"அன்ரி, அது... குளிரிலை வைக்கோணும்."

"ஓம் ஓம், தெரியுது, சில்லெண்டு கிடக்கு!" குசினிக்குள் குளிர்பெட்டி திறந்தது. போத்தல்கள் சிணுங்கின. மூடியது.

என்னைக் காப்பாற்றக்கூடியது ஒரே ஒரு வழக்கம்தான். கொண்டுவந்தவர் இருக்கும்போது பையைப் பிரிப்பது எங்களில் பஞ்சப் புத்தி. அந்த நூலில் தொங்கிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தேன்.

எதிரே அங்கிள். பிள்ளையின் அப்பா. "தம்பி என்ன செய்யிறார்?"

அத்தான் முந்திக்கொண்டார். "ஜப்பான் மெடிக்கல் கொலிச் ஒண்டோடை ரிசேர்ச்."

"டொக்டரோ?"

"டொக்டர்மாருக்கே வழி காட்டுறவர்." (பொய் அல்ல. ஸ்காபரோவில் எந்தப் பிளாசாவில் எங்கே காரை விடலாம் என்று டொக்டர் ஹயாசிக்குக் காட்டியவன் நான்தான்.)

பிள்ளை தட்டோடு வந்தாள். பெயர் வதனி. தலை நிமிர்ந்துதான் வந்தாள், ஆனால் கண்கள் எங்களைத் தாண்டி மாடிப்படியில் அடுக்கிக் கிடந்த கல்லூரிப் புத்தகங்களில் நின்றன. "ரோல்ஸ் எல்லாம் பிள்ளை பொரிச்சதுதான்," என்றார் அன்ரி. வதனி ரோல்ஸை முதன்முதலாகச் சந்திப்பதுபோலப் பார்த்தாள்.

"கதை கவிதை எண்டு திரியிறதோ தம்பி? சில பொடியள் அப்பிடிக் கெட்டுப் போறாங்கள்," என்றார் அங்கிள்.

"சீச்சீ, இல்லை அங்கிள்," என்றேன். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த கவிதை நெஞ்சில் குத்தியது. அன்றைக்கு நான் சொன்ன பொய்களில் எனக்கு இன்னும் வலிக்கிறது அதுதான். யோசித்துப் பார்த்தால், அந்த வீட்டில் அப்போது உண்மை பேசிக்கொண்டிருந்தது குளிர்பெட்டிக்குள் இருந்த கான் மட்டுமே. அதற்குத்தான் கருவாட்டை மறைக்கத் தெரியாது.

அப்போது அங்கிள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இஞ்சை, தம்பி கொண்டு வந்ததையும் கொஞ்சம் எடுத்து வையுங்கோவன்."

"சும்மா இருங்கோ, உங்களுக்குச் சீனி வருத்தம், இனிப்புக் கூடாது," என்றார் அன்ரி.

"ஒரு கரண்டி. வதனி, எடுத்துக்கொண்டு வா பிள்ளை."

நூல் அறுந்தது. வதனி குசினிக்குள் போனாள். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் பெருமையாகத் தலையாட்டினார். குளிர்பெட்டி திறந்தது. போத்தல்கள் சிணுங்கின. பை சரசரத்தது. பிறகு ஒன்றுமில்லை. நீண்ட, வெள்ளை நிறமான ஒன்றுமில்லை. அந்த மௌனத்துக்குள் நான் கோப்பை கழுவும் தொட்டிக்குத் திரும்பினேன், கிழவனானேன், இறந்தேன், அத்தான் என் இறுதிச் சடங்குக்கு வேறு வழியால் போனார்.

கதவு மூடியது. வதனி வெறுங்கையோடு வந்து நின்றாள். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

"அப்பா, அது இன்னும் இறுகேல்லை."

"என்ன?"

"வட்டிலப்பம், புடிங் மாதிரி ஏதோ. இன்னும் இறுகேல்லை. இப்ப தொட்டால் பழுதாப் போகும்."

"தம்பி தானே செய்ததோ?" என்று அன்ரி வியந்தார்.

"ஓம் அம்மா," என்றாள் வதனி, என்னை முதல்முறையாக நேரே பார்த்து. "அவரே செய்ததுதான். மூடியிலை பேரும் போட்டிருக்கு."

அந்த நொடியில் அவளைக் கட்ட வேண்டுமென்று முடிவெடுத்தேன். பெண் பார்க்க வந்தவன் கடைசியில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டான். மனசு சோபாவை விட்டு எழுந்து, திருமண மண்டபம் எடுத்து, மேளத்துக்கும் சொல்லிவிட்டது. இப்படிச் சொல்லத் தெரிந்தவளோடு ஒரு பேஸ்மென்றில்கூட வானத்தோடு வாழலாம்!

விடைபெற எழுந்தோம். நான் பையைக் கேட்கவில்லை. கொண்டுவந்ததைத் திருப்பிக் கேட்டவன் என்ற பேரோடு மாப்பிள்ளையாக முடியாது. கானா, கல்யாணமா என்று நின்றேன். வெட்கத்தோடு சொல்கிறேன், கல்யாணத்தின் பக்கம்தான் சாய்ந்தேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது வதனி உள்ளே போய், லட்டுப் பையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். அப்பா, அம்மா, அத்தான் எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"அண்ணை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதை விட்டிட்டுப் போறியள்."

அண்ணை. பெண் பார்க்க வந்தவனை அப்படிக் கூப்பிட்டபின் எந்தத் தரகரும் எந்தச் சாத்திரியும் ஒன்றும் செய்ய முடியாது. அன்ரியின் முகம் இறங்கியது. வதனியின் தோள்கள், கனமான எதையோ இறக்கி வைத்ததுபோல, மெல்லத் தாழ்ந்தன. கல்லூரியில் அவளுக்கென்று ஒருவன் இருந்தான் என்று வெகுநாள் கழித்துக் கேள்விப்பட்டேன். அன்றைக்கு அவளுக்கும் ஒரு கதவு வேண்டியிருந்தது. என் கான் அதைத் திறந்தது. ஒரே சொல்லில் என் வேலையைக் காப்பாற்றினாள், தன்னையும் காப்பாற்றிக்கொண்டாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. என் கவிதைகளில் எந்தச் சொல்லும் அவ்வளவு வேலை செய்ததில்லை.

காரில் அத்தான் என் மடியில் இருந்த பையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஓட்டினார். பிறகு, "மச்சான், உதுக்குள்ளை என்னடா?" என்றார்.

சொன்னேன்.

காரை ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தார். "அந்த மனிசன் கரண்டி கேட்டதடா," என்றார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்தேன். அடக்க முடியாத சிரிப்பு. போகிற கார்களெல்லாம் எங்களைப் பார்த்து ஹோர்ன் அடித்தன.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியம் கடந்துவிட்டது. டொக்டர் ஹயாசி இருந்தார். எதையும் மறைக்க எனக்குத் தெம்பு இல்லை, முழுவதையும் சொன்னேன். அவர் முதலில் கானைத் தொட்டுப் பார்த்தார். "குளிராக இருக்கிறது. நல்ல வீடு," என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்து, வதனி சொன்ன "இன்னும் இறுகேல்லை" என்பதற்குப் பொருள் கேட்டார். சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். வாய்க்குள் உருட்டிப் பார்த்தார். சோதனை முடிவு வந்த நாளில் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்கள் வீடும் கடலுக்குப் பக்கத்தில்தான் போலிருக்கிறது," என்றார். இனமானம் அத்தோடு முடிந்தது.

அதற்குப் பிறகு கதவு தட்டும் வீடுகளில் நான் உப்பைப் பற்றிப் பேசவில்லை. மில்லிக்கன் கதையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த அன்ரிமார், கண்ணைத் துடைத்தபடியே கானை வாங்கி வைத்தார்கள். முதல் நாள் ஒரு விரலால் தள்ளியவரும் வாங்கினார். வேலை நிலைத்தது.

எங்கள் குடும்பத்திலும் அந்தச் சொல் நிலைத்துவிட்டது. அக்கா மகளின் கல்யாணம் பொருந்தி வராதபோது, அத்தானுக்கு வீட்டுக் கடன் இழுபட்டபோது, என் மகன் கார் லைசென்ஸ் பரீட்சையில் தவறியபோது, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "இன்னும் இறுகேல்லை." என் மனைவி (கதை முழுவதும் தெரிந்தபின்பும் என்னைக் கட்டியவள்) மேசையில் கலைந்து கிடக்கும் என் கவிதைத் தாள்களைப் பார்த்து அதைத்தான் கேட்கிறாள். விருந்துக்குப் பை கொண்டுபோனால் அத்தான் வாசலிலேயே குரல் கொடுப்பார்: "மச்சான், உதைப் பிறிட்ஜிலை வைக்கோணுமோ?"

டொக்டர் ஹயாசி ஊர் திரும்பும் நாளில் வழியனுப்ப விமான நிலையம் போனேன். இரண்டு பேரும் பேச்சில் கெட்டிக்காரர்கள் இல்லை. அவருடைய பெட்டி நிறைய எங்கள் ஆட்களின் எண்கள். கதவு கதவாகக் கேட்டு வாங்கிய உப்பு, இனி ஒரு ஜப்பானியக் கடற்கரையில் எண்ணப்படப்போகிறது. ஒவ்வொரு வீட்டிலும் என்னிடம் கேட்ட கேள்வியை நான் அவரிடம் கேட்டேன்: கடல் கடந்தது எங்களை என்ன செய்தது? எங்கள் ஆட்களுக்கு என்ன சொல்ல?

அத்தானாக இருந்தால் பத்துப் பதில் சொல்லியிருப்பார். டொக்டர் பெட்டியைக் கீழே வைத்து, இடுப்பு வளையக் குனிந்து நிமிர்ந்து, ஒவ்வோர் எழுத்தாக, எங்கள் தமிழில் சொன்னார்:

"இன்னும் இறுகேல்லை."