கோரிக்கை எண் ஏழு

“அந்தக் கடையை மண்டி போட வைக்காம ஓயமாட்டேன்!”

காலை உணவு மேசையில் கிளாரி டன்ஸ்டன் சபதம் செய்தார். கையில் வெண்ணெய் தடவும் கத்தி. கேட்க இருந்தது மனைவி நோரீன் ஒருத்திதான். ஒரு காலத்தில் வில்லியம்ஸ்டவுன் துறைமுகத்தில் தொழிற்சங்கத் தலைவராக அவர் பெட்டிமேல் ஏறிக் கை தூக்கினால் கப்பல் நகராது. இன்று கை தூக்கினால் இன்னொரு டோஸ்ட் வரும்.

“எந்தக் கடை?” என்றாள் நோரீன், முந்தின நாள் அந்தப் பேச்சை எடுத்ததே தான்தான் என்பது நினைவில்லாதவள்போல.

“மீன் வறுவல் கடைக்குப் பக்கத்துல புதுசா வந்திருக்கே, அதான். ஆளைப் படுக்கப்போட்டு, மூடியைச் சாத்தி, விளக்குச் சூட்டுல தோலை அழகுக்குன்னு பழுப்பாக்கி அனுப்புறாளே தியானா வெல்லா! அங்க சட்டத்துக்கு விரோதமா என்னென்னவோ நடக்குது.”

“என்ன நடக்குது?”

“அதைத்தான் கண்டுபிடிக்கப் போறேன்.”

“போறதுக்கு முன்னாடி சட்டையைத் தூக்கு. அந்த மச்சத்தைப் பாக்கணும்.”

“மச்சம் எங்கேயும் ஓடிடாது.”

“ஓடலை. பரவுது.”

மச்சம் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் இருந்தது. கிளாரி அதைப் பார்த்ததே இல்லை. வலிக்குத் தைலம் தேய்க்கிற நோரீன் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். கோடையில் மிளகளவு இருந்தது. இந்தக் குளிர்காலத்தில் ஓரமெல்லாம் கிழிந்தாற்போலப் பரவி, ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் செம்மையுமாக நின்றது. கிளாரியோ செம்பட்டை முடி, உடம்பெல்லாம் புள்ளி, வெயிலில் அரைமணி நின்றால் வெந்த இறாலாகச் சிவக்கிற ரகம். அந்தத் தோலில் இப்படி ஒரு மச்சம் புற்றுநோயாக மாறலாம் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். நோரீனுக்குத் தூக்கம் போய்ப் பல வாரங்கள் ஆகியிருந்தன.

ஆனால் கிளாரி டாக்டரிடம் போகமாட்டார். அது கொள்கை. துறைமுகத்தில் கம்பெனி டாக்டர் என்று ஒருவர் இருந்தார். இரும்புச் சங்கிலி விழுந்து இடுப்பு நொறுங்கியவனைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் ‘வேலைக்குத் தகுதி’ என்று எழுதித் தள்ளிய மகான். அன்று கிளாரி பெட்டிமேல் ஏறி, இனி எந்த டாக்டர் முன்னாலும் சட்டைப் பொத்தானைக் கழற்றமாட்டேன் என்று சத்தியம் செய்தார். கைதட்டல் வானத்தைப் பிளந்தது. அந்தச் சங்கக் கட்டடம் இன்று கடல் தெரிகிற அடுக்குமாடி வீடு. கைதட்டியவர்களில் பாதிப் பேர் மேற்பார்வையாளர்களாகிக் கெட்டார்கள், மீதிப் பேர் செத்தார்கள். சத்தியம் மட்டும் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு உயிரோடு இருந்தது.

மறுநாள் மழையில் தட்டியும் துண்டறிக்கைகளுமாகக் கடைவாசலில் போய் நின்றார் கிளாரி. சட்டத்தை எழுத்துவிடாமல் படித்திருந்தார். வாசலில் எச்சரிக்கைப் பலகை வேண்டும். பதினெட்டு வயது ஆகாதவர்களைச் சேர்க்கக் கூடாது. கண்காப்புக் கண்ணாடி இல்லாமல் படுக்கவைக்கக் கூடாது. பயிற்சி பெற்ற ஆள் கூட இருக்க வேண்டும். ஒருமுறை படுத்தவரை இரண்டு நாளைக்குள் மறுபடி படுக்கவைக்கக் கூடாது. முக்கியமாக, பழுப்பேறாமல் வெந்து சிவக்கிற தோல்காரர்களைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

தியானா கதவைத் திறந்தாள். “உள்ள வாங்க தோழரே. நனையாம போராடலாம்.”

உள்ளே போனவர் அசந்துபோனார். ‘இந்தப் படுக்கை தோல் புற்றுநோயை உண்டாக்கும்’ என்று அவருடைய துண்டறிக்கையைவிடப் பெரிய எழுத்தில் சுவர் அலறியது. திறந்திருந்த படுக்கைக்குள் நீல வெளிச்சம், வானத்தை மடித்துப் பெட்டியில் வைத்ததுபோல. அதைப் பார்த்து ஒரு கணம் வாய் பிளந்தார். அதற்குள் செம்பட்டை முடிக்காரி ஒருத்தி வந்து, தனக்குச் சனிக்கிழமை கல்யாணம் என்று கெஞ்சினாள்.

“உன் தோலுக்கு முடியாதும்மா” என்றாள் தியானா.

“இரட்டிப்பாத் தர்றேன்!”

“பத்து மடங்கு தந்தாலும் முடியாது. சட்டம்.”

கல்யாணப்பெண் அழுதுகொண்டே போனாள். கிளாரிக்கும் அழுகை வந்தது. குற்றமே செய்யாத முதலாளியை வைத்துக்கொண்டு ஒரு போராளி என்ன செய்ய முடியும்?

ஆனால் அவர் பழம்பெருச்சாளி. போராட்டம் படுத்துவிடாமலிருக்க எந்த முதலாளியாலும் ஒப்புக்கொள்ள முடியாத ஒரு கோரிக்கையைக் கடைசியில் சேர்த்துவிட வேண்டும் என்பது அவர் காலத்துச் சூட்சுமம். அன்று மாலையே தட்டியில் இருந்த ஆறு கோரிக்கைகளுக்குக் கீழே ஏழாவதாக ஒன்று ஏறியது: ‘வருகிறவர் உடம்பைப் பார்க்க வாசலில் டாக்டரை உட்கார வை!’

மறுநாள் நோரீன் குடையும் தேநீர்க் குடுவையுமாக வந்தாள். மீன் வறுவல் கடையில் பெரிய வரிசை நின்றது.

“இந்த ஏழாவது எந்தச் சட்டத்துல இருக்கு?”

“என் சட்டத்துல.”

“அவ ஒத்துக்கிட்டா?”

“ஒத்துக்கமாட்டா.”

“ஒருவேளை ஒத்துக்கிட்டா?”

“பைத்தியமா உனக்கு? நாப்பது வருஷத்துல எவன் எனக்கு முழுசா ஒண்ணு ஒத்துக்கிட்டான்?”

“அப்ப உனக்கே இதுல நம்பிக்கை இல்ல” என்றாள் நோரீன், வரிசை முழுக்கக் கேட்கும்படி. “சும்மா எழுதி வச்சிருக்க.”

வரிசை திரும்பிப் பார்த்தது. பார்வையாளர்கள்! கிளாரியின் முதுகு தானாக நிமிர்ந்தது. பால் கூடை ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு மேலே ஏறினார்.

“தோழர்களே! அவ டாக்டரை உட்கார வைக்கட்டும். முதல் ஆளா நான் சட்டையைக் கழட்டி உக்காருவேன்!”

“டாக்டர் முன்னாடி பொத்தானைக் கழட்டமாட்டேன்னு சத்தியம் பண்ணியே?” என்றாள் நோரீன்.

“அது முதலாளி வச்ச டாக்டர். இது போராடி வாங்குற டாக்டர்!”

வரிசை கைதட்டியது. துறைமுகத்துக்குப் பிறகு முதல் கைதட்டல். நோரீன் குடுவையை மூடிக்கொண்டு கிளம்பினாள். அவள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் தியானாவின் பின்கதவுப் பக்கம் திரும்பியதை, கூடைமேல் நின்ற தலைவர் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை காலை கிளாரி தட்டியோடு போனபோது கடைவாசலில் மேசை ஒன்று போட்டிருந்தது. பின்னால் ஒரு மறைப்புத் திரை. மேசையில் விளக்கு வைத்த பூதக்கண்ணாடி. அருகே ஒரு தட்டு நிறைய எலுமிச்சைக் கேக் துண்டுகள். நாற்காலியில், கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண்.

“தோத்துட்டேன் தோழரே” என்று தியானா இரண்டு கையையும் விரித்தாள். “கோரிக்கை எண் ஏழு. இதோ, டாக்டர் மீகன்.”

கிளாரியின் கையிலிருந்து தட்டி நழுவியது. ஒரு முதலாளி, கமிட்டி போடாமல், தேதி தள்ளாமல், பாதியை வெட்டாமல், கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டாள்! கடல் திறந்து வழிவிட்டிருந்தாலும் அவர் அவ்வளவு மலைத்திருக்கமாட்டார். தொப்பியைக் கழற்றிவிட்டார். ஒரு கேக் துண்டை எடுத்து வாயில் போட்டார்.

“அற்புதம். எங்க வீட்டுல செய்றதைவிட நல்லாருக்கு.”

“அப்படியா?” என்றாள் தியானா. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“பொத்தான்!” என்று மீன் கடை வரிசையிலிருந்து ஒரு குரல். “சொன்னீங்களே!”

கிளாரி திரைக்குப் பின்னால் போய், வெற்றிவீரனாகச் சட்டையைக் கழற்றினார். கண்ணாடி முதுகில் ஊர்ந்தது. நடுவில் வந்து நின்றது. நின்றது நகரவில்லை.

“கடைசியா உங்க முதுகை எப்ப பாத்தீங்க?” என்றார் டாக்டர்.

“முன்னால போறவன் முதுகைப் பாக்கமாட்டான்.”

டாக்டர் சிரிக்கவில்லை.

“வியாழக்கிழமை காலையில வெட்டி எடுத்துடலாம். தள்ளிப்போடக் கூடாது. பரிசோதனைக்கு அனுப்பிப் பார்த்தாத்தான் மிச்சம் தெரியும்.”

“வரலைன்னா?”

“அடுத்த குளிர்காலத்துல இந்தத் தட்டியை வேற யாராவது பிடிக்க வேண்டியிருக்கும்.”

வீட்டுக்கு வந்தபோது நோரீன் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். “ஜெயிச்சுட்டேன்” என்றார் கிளாரி. குரல் வெற்றிக் குரலாக இல்லை. அப்போதுதான் மேசையில் மிச்சம் இருந்த எலுமிச்சைக் கேக் கண்ணில் பட்டது. அதே கேக். அதே கோணல் வெட்டு.

“நோரீன்... அந்த டாக்டர்?”

“என்கூட பவுல்ஸ் பந்து உருட்டி ஆடுற ஷெர்லியோட மக. லீவு நாள். கேக்குக்கு வந்தா.”

“தியானா?”

“வாசல்ல நீ இல்லாத வியாபாரம் ஒரு நாளாவது வேணும்னு கேட்டா. அதுவும் கொடுத்தேன். பேச்சுவார்த்தை ஒரு கப் தேநீர்ல முடிஞ்சுது.”

“அங்க சட்டவிரோதம் நடக்குதுன்னு முதல்ல எனக்குச் சொன்னது...”

“எனக்குத் தெரிஞ்சு, நல்லா நடத்துறா அந்தப் பொண்ணு.”

கிளாரி நாற்காலியில் உட்கார்ந்தார். கப்பல் முதலாளிகளைப் பார்த்திருக்கிறார், மந்திரிகளைப் பார்த்திருக்கிறார், காட்டிக்கொடுத்த தலைவர்களைப் பார்த்திருக்கிறார். இப்படி ஒரு மூளையைப் பார்த்ததில்லை. அதன் பக்கத்தில்தான் இத்தனை வருஷமும் படுத்துத் தூங்கியிருக்கிறார்.

“நீ எங்க கமிட்டியில இருந்திருந்தா...” என்று ஆரம்பித்தார்.

“பொம்பளைங்களைச் சேத்துக்கலையே நீங்க” என்றாள் நோரீன். சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துடைத்த தட்டையே மறுபடி மறுபடி துடைத்தாள். தோள் குலுங்கியது. கிளாரி எழுந்து போய்த் தட்டை வாங்கி வைத்தார்.

வியாழக்கிழமை வெட்டினார்கள். கெட்ட மச்சம்தான்; ஆனால் ஆழம் போகவில்லை, முழுசாக வந்துவிட்டது என்று சில நாள் கழித்து வந்த பரிசோதனை முடிவு சொன்னது. முதுகில் நீளமான தையல். தையல் பிரிக்கும்வரை கையைத் தோளுக்கு மேலே தூக்கவே கூடாது என்று டாக்டர் மீகன் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

முடிவு வந்த மறுநாள் காலை டோஸ்டை வெட்டித் தட்டில் வைத்தாள் நோரீன். மேசையின் தலைமாட்டில் நின்றுகொண்டாள்.

“தோழரே, ஒரு தீர்மானம். இனி வருஷம் தவறாம டாக்டர். நான் கூப்பிடும்போது, நான் சொல்ற டாக்டர். விவாதம் கிடையாது.”

“இது சர்வாதிகாரம்!”

“சேச்சே. ஓட்டுக்கு விடுறேன். எதிர்க்கிறவங்க கை தூக்கலாம்.”

கிளாரி வலது தோளை அசைத்துப் பார்த்தார். இடது தோளையும் அசைத்துப் பார்த்தார்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.