கொட்டகை நிழலும் எட்டாம் வகுப்புப் பாடமும்

மாதா துணை
மரக்காணம், ஜூலை 22

மரியாதைக்குரிய மச்சான் அறிவழகன் அவர்களுக்கு மரியதாஸ் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை சாலம்மாளும் மகள் தமிழ்நிலாவும் நலம். பெரிய முதலியார்சாவடியில் நீங்களும் அக்காவும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். உப்பு நன்றாக விளைகிறது. மற்றது எதுவும் நன்றாக இல்லை.

தமிழ்நிலாவை உடனே வந்து அழைத்துப்போய் உங்கள் ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். எல்லாம் அவளுடைய சமூக அறிவியல் ஆசிரியை ரேகாவால் வந்தது. அந்தம்மா அடிப்பதில்லை, லீவு போடுவதில்லை, அதுதான் பிரச்சினை. அரசியலமைப்புச் சட்டத்தை இரண்டு நாளில் முடித்துவிடாமல் மூன்று வாரம் நடத்தினார். முகவுரையை மனப்பாடம் செய்யவைத்தார். அதோடு விடாமல், இந்தச் சட்டம் உங்கள் வீட்டுக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்து எழுதி வரும்படி வீட்டுப்பாடமும் கொடுத்தார். இவள், ‘பேச்சுரிமை: அப்பா நியூஸ் பார்க்கும்போது கிடையாது’ என்று எழுதி என்னிடமே கையெழுத்துக் கேட்டாள். போட்டேன். அடுத்தது சமத்துவம். மீனில் நடுத்துண்டு எப்போதும் அப்பாவுக்கே ஏன் வருகிறது என்றாள். நான் மேஸ்திரி என்றேன். உப்பளத்தில்தானே என்றாள். அன்று எனக்கு வால் துண்டு வந்தது. படிக்கிற பிள்ளை என்று அதையும் பொறுத்துக்கொண்டேன்.

போன சனிக்கிழமை அம்மாவோடு அளத்துக்கே வந்துவிட்டாள். எங்களுக்கு இருப்பது ஒரே கொட்டகை. மத்தியானம் நானும் மற்ற ஆண்களும் அதில் சாப்பிடுவோம். உப்பு சுமக்கும் பெண்கள் பதினாலு பேரும் வரப்பில், வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சாப்பிடுவார்கள். உங்கள் தங்கையும் பதினாறு வருஷமாக அங்கேதான். உள்ளே வராதே என்று யாரும் சொன்னதில்லை, யாரும் வந்ததும் இல்லை. இவள் நோட்டை விரித்து, பெண்கள் வரக்கூடாதென்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டாள். எங்கேயும் எழுதவில்லை, வழக்கம் என்றேன்.

“எழுதி வச்சதயே பாதிப் பேரு மதிக்கறதில்ல. எழுதாதத மட்டும் எதுக்குப்பா இவ்ளோ மதிக்கிறீங்க?”

நீ முதலில் சாப்பிடு என்று சோற்றை அவள் பக்கம் தள்ளினேன் மச்சான். வரப்பில் இருந்த உங்கள் தங்கை சாப்பாட்டுத் தூக்கோடு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னாலேயே குப்பம்மாள், அப்புறம் எல்லோரும். இடம் போதாமல் ஆண்கள் வெளியே வந்து நின்றோம். அந்த நேரம் பார்த்து முதலாளி தட்சணாமூர்த்தி பைக்கில் வந்து இறங்கினார். இவர்களை உள்ளே விட்டது யார் என்று என்னைக் கேட்டார். நான் விடவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், உங்களிடம் மறைப்பானேன். அதற்குள் உங்கள் தங்கை முந்திக்கொண்டாள்.

“யாரும் விடலீங்க. நாங்களேதான் வந்தோம்.”

ஒரு வாரத்தில் எல்லாம் பழையபடி ஆகவில்லையென்றால் வேறு மேஸ்திரி பார்ப்பேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். வீட்டுக்கு வந்து இதை எடுத்துச் சொன்னால் அம்மாவும் மகளும் ஓட்டெடுப்பு வைக்கிறார்கள். இரண்டுக்கு ஒன்று, நான் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். அடுத்த பாடம் நீதிமன்றமாம். அதைத் தொடங்குவதற்குள் வந்துவிடுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். மாதா உங்கள் வீட்டைக் காப்பாளாக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
மரியதாஸ்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி நாலு நாளாகிறது. தபால்தலை ஒட்டியாகிவிட்டதால்தான் இதை அனுப்புகிறேன். முந்தாநாள் மாற்றுச் சான்றிதழ் கேட்டுப் பள்ளிக்குப் போனேன். ரேகா டீச்சர் படிவத்தை நீட்டி, பள்ளியை விட்டு விலகக் காரணம் என்ற இடத்தை நிரப்பச் சொன்னார். அரைமணி நேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். வெளியே சொல்லும்படி ஒரு காரணமும் கிடைக்கவில்லை. வெற்றுப் படிவத்தையே திருப்பிக் கொடுத்தேன். நேற்று முதலாளி வந்தபோது, அவர் கேட்குமுன்பே, “அவங்க உள்ளயே இருக்கட்டுங்க” என்று சொல்லிவிட்டேன். உடனே அவர் மேஸ்திரி வேலைக்கு எங்கள் அளத்து ஆட்கள் பக்கிரியையும் விஜயகுமாரையும் கூப்பிட்டார். இரண்டு பேருடைய பெண்டாட்டிகளும் அந்தப் பதினாலு பேரில் இருக்கிறார்கள். முடியாதென்று சொல்லிவிட்டார்கள். ஆகவே நானேதான் மேஸ்திரி. நீங்கள் வர வேண்டாம், பிள்ளை இங்கேயே படிக்கட்டும்.