மூண்டுமுழத்தாரின் வலது கை

சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒரு சட்டத்தைத் தன் முழங்கையால் அளந்து, ஒரு தீவையே அதற்குக் கீழ்ப்படிய வைத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், கரம்பொன் என்ற ஊரில் இருந்தார். வீடுகளுக்கும் கோயில் மதில்களுக்கும் வெள்ளை அடிப்பது அவருடைய தொழில். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. நான் நீதிமன்றத்தில் கிளாக்கராக இருந்தவன் என்பதால் அந்தப் பெயரைப் பதிவேட்டில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஆனாலும் இன்று எவ்வளவு மண்டையைக் குடைந்தாலும் அது நினைவுக்கு வருகிறதில்லை. ஊருக்கு அவர் மூண்டுமுழத்தார், எனக்கும் அப்படியே.

ஆள் ஒல்லி. கை மட்டும் ஏதோ வேறு பெரிய ஆளுக்குச் செய்த கை. நிமிர்ந்து நின்றபடியே முழங்காலைச் சொறிவார். ஏணி இல்லாமல் முகடு வரைக்கும் வெள்ளை அடிப்பார் என்று சொல்வார்கள். நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

அவருடைய மனைவி எங்கள் பகுதிக்கு மருத்துவிச்சி. அறுபதுகளின் நடுப்பகுதியில் அவவுக்குச் சுகாதாரக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், ஒரு சைக்கிள் கொடுத்தார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண் அந்த ரோட்டில் சைக்கிள் ஓடியதை ஊர் ஒரு கிழமை, ஏழு நாளும், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. பிறகு பழகிப் போனது. பழகாதவர்கள் வாகனக்காரர்கள் மட்டும்தான். தீவுப்பகுதி ரோட்டு அப்போது ஒரு பஸ்ஸும் ஒரு மாடும் சந்தித்தால் மாடு யோசிக்க வேண்டிய அகலம். அதில் நயினாதீவு மோட்டர் வள்ளத்தைப் பிடிக்க ஓடுகிற வாடகைக் கார், யாழ்ப்பாணம் போகிற பஸ், மீன் லொறி எல்லாம் சைக்கிள்காரரின் காதை உரசிக்கொண்டுதான் போகும். இந்த வித்தையில் முதலிடம் 'றொக்கற்' என்று பட்டம் பெற்ற ஒரு கார்ச் சாரதிக்கு. கறுப்புக் கார். முதலில் தூசி வரும், பிறகுதான் கார் தெரியும்.

ஒருநாள் பக்கத்து ஊரான சுருவிலுக்குப் போகும் வழியில் றொக்கற் உரசிப் போன வேகத்தில் மருத்துவிச்சி அம்மா நாயுண்ணி முள்ளுப் பற்றைக்குள் விழுந்தார். முழங்கை கிழிந்தது. மருந்துப் பெட்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். வீட்டுக்கு வந்து காயத்தைக் கழுவிக்கொண்டே புருஷனிடம் சொன்னாராம்:

"இஞ்சாருங்கோ, இன்னொருக்கா விழுந்தனெண்டா சைக்கிளைக் கந்தோரிலை குடுத்திட்டு இடமாற்றம் கேப்பன். உயிரோடை இருந்தாத்தானே மற்றவைக்குப் பிள்ளை பெறுவிக்கலாம்."

அம்மா சும்மா வெருட்டுகிற ஆள் அல்ல. அவர் போனால் சுற்றுவட்டாரத்தில் வேறு மருத்துவிச்சி இல்லை. சுருவிலில் என் வீட்டில் என் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். செய்தி கேட்ட அன்றே நாட்காட்டியை எடுத்து மிச்ச மாதங்களை எண்ணினேன் என்பதை இப்போது ஒளிக்காமல் சொல்கிறேன்.

வெள்ளைக்காரர் (தொழிலைச் சொல்கிறேன், நிறத்தை அல்ல) நேரே பொலிசுக்குப் போனார். எந்தப் பொலிஸ் நிலையம் என்று கேட்காதீர்கள், அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. அங்கே இருந்த சார்ஜன் கட்டை குட்டையான மனிதர், நல்ல மனிதர், எழும்ப விருப்பமில்லாத மனிதர். கதிரையில் இருந்தபடியே விசாரணையை நடத்தினார்.

"கார் பட்டதோ?"

"படேல்லை ஐயா. கார் போன காத்துப் பட்டது."

"காத்துக்கு நான் என்னெண்டு காணும் வழக்குப் போடுறது?"

"அப்ப, கார் பட்டிருந்தா?"

"பட்டிருந்தா உடனை போட்டிருப்பன்."

"சரி ஐயா. அவ செத்தாப் பிறகு வாறன்."

சார்ஜன் கொஞ்சம் இரங்கித்தான் சட்டப் புத்தகத்தை எடுத்தார். முந்திப் போகிறவர் அவதானமாகப் போக வேண்டும் என்று அதில் இருந்தது. எவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்று இல்லை. "அடிக் கணக்கு இல்லைக் காணும், நான் என்ன செய்யிறது" என்று புத்தகத்தை மூடிவிட்டார்.

மூண்டுமுழத்தார் வீட்டுக்கு வந்தார். அடிக் கணக்குத்தானே இல்லை, முழக் கணக்கு இருக்கட்டும் என்று முடிவு செய்தார். பனை மட்டை ஒன்றைச் சீவினார். தன் முழங்கையால் மூன்று முழம் அளந்து வெட்டினார். அதைத் தன் சைக்கிள் கரியரில் குறுக்கே, வலப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்க இறுக்கிக் கட்டினார். நுனியில் ஒரு தும்புக் கட்டு. தும்பிலே குழைத்த சுண்ணாம்பு. அன்று தொடக்கம் மனைவிக்குப் பிள்ளைப்பேற்று அழைப்பு வந்தால், வெள்ளை அடித்துக்கொண்டிருக்கும் சுவரைப் பாதியில் விட்டுவிட்டு இவரும் புறப்படுவார். மனைவி முன்னால், இவர் அரைச் சில்லுப் பின்னால், கொஞ்சம் வலப்பக்கமாக.

முதலில் எல்லாரும் சிரித்தோம். நானும்தான். "மனிசனுக்கு விசர் முத்திப் போச்சு" என்று கடையடியில் நின்று சொன்னவர்களில் நான் ஒருவன். சிரிப்பு ஒரு கிழமைதான். மூன்று முழத்துக்குள் வந்த ஒவ்வொரு வாகனத்தின் இடப்பக்கத்திலும், முன்னாலிருந்து பின்வரை, ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. அந்த மனிதர் ஒரு வார்த்தை திட்டவில்லை, கல் எறியவில்லை, துரத்திப் போகவில்லை. கோடு மட்டும் போட்டார். பஸ்ஸுக்கு இரண்டு கோடு. மீன் லொறிக்கு மூன்று. றொக்கற்றின் கறுப்புக் கார் கோயில் மதில் மாதிரிக் கோடு கோடாகிவிட்டது, சிவப்புக்குப் பதில் கறுப்பு.

பிறகுதான் வேடிக்கை. சந்தைக்குப் போகிற பெண்கள் பஸ்ஸில் ஏறுமுன் குனிந்து கோடு எண்ணத் தொடங்கினார்கள். "உது மருத்துவிச்சியை இடிக்கப் பாத்த பஸ்ஸெல்லோ, அடுத்ததிலை போவம்." கரம்பொனில் ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளை அழைக்க றொக்கற்றின் கார் வந்து நின்றது. பெண்ணின் தாய் வாசலுக்கு வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"இந்தக் காரிலையோ மாப்பிள்ளை வரப்போறார்? நாளைக்கு என்ரை பிள்ளைக்கு ஒண்டு ரெண்டு எண்டு வரேக்கை எந்த முகத்தோடை நான் அந்த மனிசியைக் கூப்பிடுறது?"

மாப்பிள்ளை மாட்டு வண்டியில் வந்தார். றொக்கற் ஒவ்வொரு பின்னேரமும் கிணற்றடியில் காரைத் தேய்த்தார். சுண்ணாம்பு கறுப்புப் பெயின்றைக் கவ்விப் பிடித்தால் விடுமா? ஒரு மாதத்துக்குள் தீவுப்பகுதியில் எந்தச் சாரதியும் சைக்கிளைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, மூன்று முழம் விட்டு, வணங்காத குறையாகப் போனான். பொலிசும் நீதிமன்றமும் சேர்ந்து பல வருஷம் செய்ய முடியாததை ஒரு பனை மட்டை செய்திருந்தது. நான் நீதிமன்றத்தில் சம்பளம் வாங்குகிறவன், எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

ஆனால் ரோசம் பிடித்த றொக்கற் பொலிசுக்குப் போனார். ஆறு கிழமை அசையாத சட்டம் அன்று பின்னேரமே எழும்பி உடுப்புப் போட்டது. பொதுத் தெருவில் ஆபத்தான முறையில் தடி நீட்டிச் சென்றதாக மூண்டுமுழத்தார் மேல் வழக்கு. தடியும் பிடிபட்டது. கரியரில் தடி இல்லாத முதல் கிழமையே மீன் லொறி மறுபடியும் மருத்துவிச்சியின் தோளை உரசியது. அவர் விழவில்லை. ஆனால் இடமாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதி, திகதி மட்டும் போடாமல் அலுமாரியில் வைத்துவிட்டார்.

வழக்குக்கு ஒரு பிறக்கிராசி, அந்தக் கால வக்கீல், இலவசமாகவே ஆஜரானார். கெட்டிக்காரர். வெளி விறாந்தையில் வைத்துச் சொல்லிக் கொடுத்தார்:

"நீர் வெள்ளை அடிக்கிற ஆள். அது வெள்ளை அடிக்கிற தடி. வேலைக்குக் கொண்டு போகேக்கை தற்செயலாக் குறுக்கை திரும்பிப் போச்சு. இவ்வளவும் போதும். மேலாலை ஒரு சொல்லுச் சொல்லாதையும்."

அருமையான எதிர்வாதம். அதோடு வழக்கு முடிந்திருக்கும். ஆனால் சார்ஜன் குற்றப்பத்திரத்தை வாசிக்கும்போது, "மூன்றரை முழம் நீளமான தடி" என்று வாசித்துவிட்டார். கூண்டில் நின்றவருக்கு முகம் சிவந்தது.

"பொய் ஐயா. மூண்டு."

பிறக்கிராசி கண்ணைக் காட்டினார். தலையை ஆட்டினார். இருமினார்.

"மூண்டரை இல்லை ஐயா, மூண்டுதான். ஒரு சைக்கிளுக்கு விடவேண்டிய இடம் மூண்டு முழம். அந்த அளவுக்கெண்டே பாத்து வெட்டினனான். அரை முழம் கூட்டி வைச்சு ஆரையும் ஏமாத்திற ஆள் நானில்லை."

பிறக்கிராசி பேனையை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். நீதவானோ சுவாரசியமாகிவிட்டார். தடியை அளக்கச் சொன்னார். சார்ஜன் தன் கட்டைக் கையால் அளந்தார்: மூன்றரை. மூண்டுமுழத்தார் தன் கையால் அளந்தார்: மூன்று, ஒரு விரல்கூடப் பிசகவில்லை. இரண்டு பேரும் உண்மை பேசினார்கள் என்று என்னைப் பதியச் சொன்னார் நீதவான். அடுத்தது றொக்கற்றைப் பார்த்துக் கேட்டார்:

"தடி உம்முடைய காரிலே பட்டது. தடி இல்லாவிட்டால் உம்முடைய கார் எதிலே பட்டிருக்கும்?"

"ரோட்டு ஒடுக்கம் ஐயா."

"பின்னால் போயிருக்கலாமே?"

"ரெண்டு நிமிசம் பிந்தும் ஐயா."

"அந்த இரண்டு நிமிடத்தில் எங்கே போகிறீர்?"

றொக்கற் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஆனாலும் சட்டம் சட்டம்தான், குற்றவாளி தானாகவே ஒப்புக்கொண்டும் விட்டார். நீதவான் எச்சரித்து விட்டார், தடியைப் பறிமுதல் செய்தார். எழும்புமுன் ஒரு வசனம் சொன்னார். அதை நான் சொல்லுக்குச் சொல் எழுதினேன்: சைக்கிளில் போகும் ஒருவர் வலப்பக்கம் நீட்டச் சட்டம் அனுமதிப்பது தன்னுடைய கையை மட்டுமே, அதுவும் திரும்புவதற்குச் சைகை காட்ட.

"அப்பிடியோ ஐயா?" என்றார் மூண்டுமுழத்தார். கும்பிட்டுவிட்டு இறங்கினார். அந்த முகத்தைப் பார்த்து அப்போதே நான் விளங்கியிருக்க வேண்டும்.

அடுத்த நாள் காலை மருத்துவிச்சி அம்மா புறப்பட்டார். அரைச் சில்லுப் பின்னால் புருஷன், இடது கையால் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு. வலது கை தோளுக்கு நேரே, ரோட்டுக்குக் குறுக்கே, முழு நீளத்துக்கும் நீட்டியிருந்தது. வலப்பக்கம் திரும்பச் சைகை காட்டுகிறவரை எவனும் முந்தக்கூடாது. பஸ் பின்னால் நின்றது. லொறி பஸ்ஸுக்குப் பின்னால். திரும்புவார் திரும்புவார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டு ஊர்ந்தார்கள். அவர் திரும்பவில்லை. கரம்பொனிலிருந்து சுருவில் வரைக்கும் திரும்பவில்லை. சார்ஜனே எதிரே வந்து மறித்தார்.

"என்ன காணும் இது?"

"வலப்பக்கம் திரும்பப் போறன் ஐயா."

"எங்கை?"

"இடம் வரேக்கை திரும்புவன்."

"அதுக்கு மைல் கணக்கிலையோ கையை நீட்டுறது?"

"முன்கூட்டியே சைகை காட்டவேணும் எண்டு உங்கடை புத்தகத்திலை இருக்குதாம் ஐயா. எவ்வளவு முன்கூட்டி எண்டு இல்லையாம்."

சார்ஜன் பின்னால் ஊர்ந்த பஸ்ஸையும் லொறியையும் பார்த்தார். பிறகு ஓரமாக விலகி வழி விட்டார். சட்டத்தை நன்றாகப் படித்த எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். அதைத் தோளில் தூக்கி வெயிலில் நீட்டிப் பிடித்த ஒரு மனிதரை அன்றுதான் பார்த்தேன். இரவில் மனைவி அந்தக் கைக்கு நல்லெண்ணெய் பூசி உருவி விடுவாராம். "இஞ்சாருங்கோ, போதும், நாளைக்கு விடுங்கோ" என்பாராம். இவர் காலையில் மறுபடியும் நீட்டுவார். அலுமாரியில் இருந்த விண்ணப்பத்துக்குத் திகதி விழவில்லை.

என் மனைவிக்கு நாள் இரண்டு கிழமை முந்திவிட்டது. பட்டப்பகல், பன்னிரண்டு மணி இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கரம்பொனுக்கு ஓடினார். உள்ளே அவள் கத்துகிறாள், எனக்கு உள்ளே நிற்கவும் ஏலாது, வெளியே நிற்கவும் ஏலாது. வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ரோட்டை நான் கண்டதில்லை.

தூரத்தில் முதலில் தெரிந்தது கை. ரோட்டுக்குக் குறுக்கே நீட்டிய, நீண்ட, கறுத்த கை. அதற்கு முன்னால் மணியடித்துக்கொண்டு மருத்துவிச்சி அம்மா. பின்னால் பஸ், லொறி, அதற்கும் பின்னால் றொக்கற்றின் கார். சுவாமிக்குப் பின்னால் சனம் வருவது போல வந்தன. ஒருவரும் ஹோண் அடிக்கவில்லை. என் வீடு ரோட்டுக்கு வலப்பக்கம். அம்மா படலைக்குள் நுழைந்து சைக்கிளை எறிந்துவிட்டு உள்ளே ஓடினார். அவருக்குப் பின்னால் மூண்டுமுழத்தார், அத்தனை நாளில் முதல் தடவையாக, வலப்பக்கம் திரும்பினார்.

"பாத்தீரே கிளாக்கர் தம்பி," என்றார் மூச்சு வாங்க, "திரும்புவன் எண்டு சொன்னனான்."

சைக்கிளை விட்டு இறங்கினார். கை இறங்கவில்லை. நீட்டியபடியே விறைத்துப் போய் நின்றது. அவருக்கே வெட்கமாக இருந்தது.

"உதை ஒருக்காப் பிடிச்சு இறக்கிவிடும் தம்பி. தானா வராதாம்."

இரண்டு கையாலும் பிடித்தேன். பனங்கட்டையைப் போல இருந்தது. மெல்ல மெல்ல உருவி இறக்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே பிள்ளை அழும் சத்தம் கேட்டது. என் மகளைத் தூக்குமுன் அன்று நான் ஏந்தியது அந்தக் கையைத்தான்.