உப்பளத்தில் அடித்த தமுக்கு

தூத்துக்குடி
12-11-1974

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் சுந்தர்சிங்குக்கு அத்தான் பொன்னுதுரை எழுதுவது. நாசரேத்தில் நீங்கள் யாவரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இங்கே நான் உயிரோடிருக்கிறேன், அவ்வளவுதான். நேற்று மதியம் அடைத்த வாய் இன்னும் கஞ்சிக்குக்கூடத் திறக்கவில்லை.

தோணிக்காரன் ரோச் தன் வீட்டை என்னிடம் அடமானம் வைத்தது உமக்குத் தெரியும். வட்டியும் முதலுமாக ஒன்பதாயிரம். அதுதான் என் மகள், உம் மருமகள் கிருபையின் கல்யாணப் பணம். அவன் கட்டாததால் கோர்ட்டில் தீர்ப்பு வாங்கி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவந்தேன். வீடு பதினாலாயிரம் பெறும். ஆனால் கடன் கொடுத்தவன் கோர்ட் அனுமதியில்லாமல் ஏலம் கேட்கக் கூடாதாம், கடனுக்கு மிஞ்சி விலை போனால் மிச்சம் கடன்காரனுக்கேயாம்! இது வக்கீல் சொன்னது. ஆகவே கொஞ்சம் புத்தியாக நடந்தேன். ஏலத்தை ஊருக்கு அறிவிக்கத் தமுக்கடிப்பவனுக்கு ஐந்து ரூபாய் கொடுத்து, ஆளில்லாத உப்பளத்தில் போய் அடிக்கச் சொன்னேன். என் கடை அய்யாக்குட்டியை ஒன்பதாயிரத்துக்குக் கேட்கச் சொல்லி, முன்பணத்தையும் தாராளமாக அவன் மடியில் கட்டிவிட்டேன்.

நேற்று ஏலத்தில் எனக்குச் சோறு கொண்டுவந்த உம் அக்காள் ஜீவமணி பக்கத்தில் நின்றாள். அய்யாக்குட்டி "ஒம்பது" என்றான். பின்னாலிருந்து "பத்து!" என்று ஒரு குரல். திரும்பினால், போன அறுப்பின் பண்டிகையில் கோயில் காணிக்கை ஏலத்தில் ஜீவமணியோடு போட்டி போட்டு ஒற்றைப் பூசணிக்காயை ஐம்பத்தோரு ரூபாய்க்கு எடுத்த உங்கள் ஊர் செல்லக்கனி! ஜீவமணி சோற்றுவாளியைக் கீழே வைத்தாள். "பதினொண்ணு!" ஐயோ மச்சான், சேலையைப் பிடிச்சு இழுக்கேன், ஏளா வாயை மூடுளா, இது கோயில் பூசணிக்காய் இல்லளான்னு கெஞ்சுதேன், அவ காதுல ஏறுனாத்தானே! ஏலே அய்யாக்குட்டி, நீயாவது மேல கேளுலேன்னா, "மொதலாளியம்மா கேட்ட பெறவு நான் எப்பிடிக் கேக்க"ங்கான். செல்லக்கனி பதிமூணுன்னா, இவ பதினாலுன்னா, கோர்ட் அமீனா மூணு தரம் சொல்லி முடிச்சிட்டாரு. "கிறிஸ்மஸுக்குள்ள கட்டிருதேன் ஐயா"ன்னு அவர்ட்ட சொல்லுதா, கோயில் ஏலம் மாதிரியே! "கால் பங்கு இப்பமே வைக்கணும்மா"ன்னாரு. அய்யாக்குட்டி மடியை அவுத்து என் பணத்தையே எடுத்து நீட்டிட்டான்.

கடன் கொடுத்தவன் நான். இப்போது ரோச்சுக்கு ஐயாயிரம் கொடுக்க வேண்டியவனும் நானே! இந்த அநியாயம் எந்த ஊரில் உண்டு? கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க மூன்று வாரம்தான் இருக்கிறது. தேரிக்காட்டுப் பனைகளை விற்றாவது ஐயாயிரம் அனுப்பும். உம் அக்காளைக் கடிந்து எழுத வேண்டாம், பாவம், பழக்கதோஷம். கடிதத்தை ஒட்டி அவளிடமே தபாலில் போடக் கொடுக்கிறேன்.

பிள்ளைகள் எஸ்றாவுக்கும் அற்புதமணிக்கும் என் ஆசீர்வாதம். கர்த்தர் உம் வீட்டை ஏலம் கேட்பவர் கண்ணுக்கு மறைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
திகைப்பு நீங்காத அத்தான்,
பொன்னுதுரை

பி.கு.: தம்பி, அக்கா ஜீவமணி எழுதுதேன். சோத்துப் பருக்கையை வச்சு ஒட்டுனா பிரிக்க முடியாதா? பனையை வித்துராதே. என் ரெட்டைவடச் சங்கிலியும் வளையலும் இருக்கு, கிருபைக்கு வீடாச்சு. அந்த உப்பளத்துல உப்பு வாருறதே ரோச் பெண்டாட்டி பிலோமினாதான்னு உங்க அத்தானுக்குத் தெரியல. தமுக்கைக் கேட்டு அழுதுக்கிட்டு நேரா எங்கிட்டதான் வந்தா. பதினாலாயிரம் பெறுற வீட்டை ஒம்பதுக்கு அமுக்கி எம் மகளுக்குத் தாலி செய்ய எனக்கு மனசில்ல. செல்லக்கனி மதினிக்கு நல்ல சேலையா ஒண்ணு எடுத்துக் குடு. பதிமூணுல நிப்பாட்டச் சொன்னேன், சொன்னபடியே நிப்பாட்டிட்டாவ.