மைக்செட் பாய் கவுன்சிலரான கதை

மதுரையிலேயே மைக்கைப் பார்த்துப் பயந்த ஒரே அரசியல்வாதி எங்கள் மைக்செட் பாய்தான். கோரிப்பாளையத்தில் எந்தக் கட்சிக் கூட்டம் என்றாலும் அவர் கட்டிய ஒலிபெருக்கிதான் அலறும். மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர்ப்பட்ட வாக்குறுதிகளையும் கேட்டுக் கேட்டு, ஒருநாள் வெறுத்துப்போனார்.

"எல்லாம் இதையே பொழப்பா வச்சிருக்கவன்ப்பா. நம்மள மாதிரி ஒருத்தன் போனாத்தேன் தெரு உருப்படும்."

சுயேச்சையாக நின்றார். பிரசாரத்தில் மைக்கைப் பிடித்து, "ஹலோ" என்றார். தொண்டையைச் செருமினார். மறுபடி, "ஹலோ, ஹலோ" என்றார். இறங்கிவிட்டார். பொய் பேசத் தெரியாத மனுஷன் என்று தெருவே ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்தது.

பிடித்தது சனி. குடிதண்ணீரில் சாக்கடை கலந்தது. அதிகாரியைப் பார்க்கப் பாயோடு நானும் போனேன். மற்ற கவுன்சிலர்கள் நேரே உள்ளே போய்வர, இவர் வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

"கவுன்சிலருன்னு சொல்லுங்க பாய்!"

"முன்னாடி நிக்கிறவுகளும் தண்ணிக்குத்தானப்பா வந்திருக்காக. அவுகளத் தள்ளிட்டா போறது?"

இவர் முறை வந்தபோது அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். அடுத்த தடவை மீட்டிங். அதற்கடுத்த தடவை ஆளே மாறியிருந்தார். தெருவில் பிள்ளைகளுக்கு வாந்தி, பேதி. எதிர்வீட்டுச் செல்வி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பாய் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"நல்லவரா இருந்து என்ன செய்ய பாய்? எம்மக ட்ரிப்ஸ் ஏறிக் கெடக்கா!"

பாய் சட்டையை மாட்டிக்கொண்டு, தன்னிடம் தோற்ற பழைய கவுன்சிலர் வீட்டுக்குப் போய்க் கைகூப்பினார். அப்பா காலத்திலிருந்தே அரசியல்தான் அந்த வீட்டுக்குத் தொழில். அவர் ஒரே ஒரு போன் போட்டார். சாயங்காலம் தண்ணீர் லாரி வந்தது. மறுநாள் பள்ளம் தோண்டிக் குழாயை மாற்றினார்கள்.

"நீங்க செஞ்சதாவே இருக்கட்டும் பாய்" என்றேன். கேட்டால்தானே? ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டித் தெருத்தெருவாகப் போனார்.

"கொழாயச் சரி பண்ணுனது பழைய கவுன்சிலரு. என்னால முடியல. மன்னிச்சிருங்க."

அவர் வாழ்நாளில் பேசிய ஒரே அரசியல் பேச்சு அதுதான். அடுத்த தேர்தலில் தெரு அவரை மன்னிக்கவில்லை. கட்சிக்காரர்களும் எதிர்த்து நின்றவன் என்று கூட்டங்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். காதுகுத்து, கல்யாணம் என்று எப்போதாவது வேலை வருகிறது.

இப்போதும் குழாயில் நாற்றம் அடித்தால் எல்லோரும் அந்தப் பழைய கவுன்சிலரிடம்தான் ஓடுகிறோம். ஆனால் திரும்பி வரும்போது, பாய் வீட்டு வாசலில் நின்று அவரிடமும் ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் போகிறோம். அவரால் ஒன்றும் ஆகாது. ஆனாலும் எழுந்து நின்று, முழுசாகக் கேட்பார்.