சீடீயில் வந்த சம்பந்தம்

"கரண்ட் இல்லையே ராசா?" என்று கேட்டார் லீலாதேவி.

கரண்டுக்கு ஒரு குறையும் இல்லை. கொம்பியூட்டர் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது, ஸ்பீக்கரில் சத்தமும் வந்தது. திரைதான் கறுப்பு. நல்ல சேலை கட்டி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மகனுக்குப் பொம்பிளை பார்க்க உட்கார்ந்திருந்த லீலாதேவிக்குக் கண் முன்னால் இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடந்த காலம் அது. முன்பென்றால் மாப்பிள்ளை வீட்டார் கண்டியிலிருந்து பஸ் பிடித்துப் போய், பொம்பிளையைப் பார்த்து, பலகாரத்தையும் ஒரு கை பார்த்துவிட்டு, திரும்பி வரும் வழியிலேயே குறை சொல்லத் தொடங்குவார்கள். அந்தச் சுகம் எல்லாம் போய்விட்டது. தபாலில் போட்ட போட்டோ எந்தச் சாக்கில் கிடக்கிறதோ, வந்து சேரவே இல்லை. கடைசியில் பொம்பிளை வீட்டார் ஒரு வீடியோ எடுத்து, சீடீயில் போட்டு, கப்பலில் வந்த ஒரு சுவாமியாரின் கையில் கொடுத்துவிட்டார்கள். அது கண்டியில் சம்பந்தம் பேசும் இராசமணி மாமியிடம் வந்து, அவர் மூலம் இந்த வீட்டுக்கு வந்தது.

"எனக்குத் தூரத்துச் சொந்தம். கமலாசனி எண்டு பேர், கணக்குப் படிப்பிக்கிறாள்" என்று சொல்லித்தான் கொடுத்தார் இராசமணி மாமி. "நல்ல பிள்ளை. வாய் மட்டும் கொஞ்சம் கூட. பிறகு நான் சொல்லேல்லை எண்டு வரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை வாறன், முடிவு சொல்லவேணும். அவையும் எவ்வளவு காலம் பாத்துக்கொண்டிருக்கிறது?"

மகேந்திரராசாவுக்கு முப்பத்தேழு வயது. அரசாங்க அலுவலகமொன்றில் படம் வரைகிற வேலை. வந்த சம்பந்தங்களில் பாதியை அம்மா தட்டிக் கழித்தார். மீதிப் பேர் அவனைத் தட்டிக் கழித்தார்கள். இதுவும் சரிவராவிட்டால் இனிக் கலியாணப் பேச்சே எடுப்பதில்லை என்று லீலாதேவி கோயிலில் வைத்தே சொல்லிவிட்டார்.

"எடி, நிமிந்து நில்லடி!" என்றது ஸ்பீக்கர். "இது கலியாணத்துக்கு எடுக்கிறது, அடையாள அட்டைக்கில்லை. பின்னால பார், அந்த ஆடுகூடச் சிரிச்ச முகமா நிக்குது."

மகேந்திரராசா வாய்விட்டுச் சிரித்தான். அம்மா திரும்பிப் பார்த்தார். அந்த வீட்டில் அவன் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் என்று இருவருக்கும் நினைவில்லை.

"ஆரடா உது கத்துறது?"

"கமரா பிடிக்கிறவவாக்கும்."

"பொம்பிளையைக் காணேல்லை, உனக்குக் கமராக்காரியோட என்ன சிரிப்பு? போய் அஸீமைக் கூட்டிக்கொண்டு வா."

அஸீம் பக்கத்து வீட்டுக்காரன். டவுனில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருந்தான். கொம்பியூட்டருக்கு எந்த நோய் வந்தாலும் அதற்குள் இன்னும் எதையாவது ஏற்றிவிட்டால் சுகமாகிவிடும் என்பது அவனுடைய வைத்தியம்.

"ஒங்கட பிளேயருக்கு இந்த வீடியோவப் பிரிக்கத் தெரியல்ல அண்ணே. சின்ன வேல. எங்கிட்ட ஒரு சீடீ நெறையப் பிளேயர் இரிக்கி. எது வேணும்?"

"பொம்பிளை தெரியிற பிளேயரா ஒண்டு போடும் தம்பி" என்றார் லீலாதேவி.

நீல முக்கோணம் போட்ட பிளேயர் ஒன்றை அஸீம் ஏற்றினான். படம் வந்தது, சத்தம் போய்விட்டது. வந்த படமும் பக்கவாட்டில் இழுபட்டுத் திரையை நிறைத்துக்கொண்டு நின்றது. லீலாதேவி உற்றுப் பார்த்தார். எழுந்து போய் வாசற்கதவின் அகலத்தை ஒருமுறை பார்த்தார். திரும்பி வந்து கதிரையில் இருந்தார்.

"ராசா, இராசமணி அக்கா வாய்தானே கூட எண்டு சொன்னவ?"

"ஆன்ட்டி, அது பொண்ணுல பிழையில்ல, பிளேயர்ல பிழை" என்று அஸீம் பதறினான். "அந்த ஆட்டப் பாருங்க, அதுவும் எருமை மாதிரித்தானே நிக்கிது?"

அடுத்தது மஞ்சள் கோழிக்குஞ்சுப் படம் போட்ட பிளேயர். சத்தம் திரும்பி வந்தது. ஆனால் இந்த முறை பொம்பிளை முருங்கைக்காய் மாதிரி நீண்டு, உடம்பெல்லாம் பச்சையாகத் தெரிந்தாள். லீலாதேவியின் கண் கலங்கிவிட்டது.

"ஐயோ பாவம். அங்க சாமான் ஒண்டும் போறேல்லைத்தானே. என்னத்தைத் தின்னுதுகளோ தெரியாது. இஞ்ச வரட்டும், நான் தேத்தி எடுக்கிறன்."

இத்தனை வருடம் பிறத்தியார் பிள்ளைகளில் குறை பிடித்த அம்மா ஒரு பச்சைப் பெண்ணுக்காக மூக்கை உறிஞ்சியதைப் பார்த்து மகேந்திரராசாவுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

"சரி, காணும். இனி..." என்றது ஸ்பீக்கர். போதும் என்று சொன்ன குரலோடு படமும் அப்படியே உறைந்து நின்றது. முதல் பிளேயரும் இந்தச் சொல்லோடுதான் நின்றிருந்தது.

"சீடீ கீறுப்பட்டிரிக்கி" என்றான் அஸீம். "பரவால்ல, பொண்ணத்தான் பாத்துட்டீங்களே. மிச்சத்தில என்ன இரிக்கப் போவுது?" போகும்போது, பாவம் பார்த்து இன்னுமொரு பிளேயரையும் ஏற்றிவிட்டுப் போனான்.

அடுத்த நாள் காலை அம்மா கோயிலுக்குப் போனதும் மகேந்திரராசா கொம்பியூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். பொம்பிளையைப் பார்க்க அல்ல. அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று இருந்தது. அது வெட்கக்கேடு என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டேதான் சீடீயைப் போட்டான்.

போட்டதுதான் தாமதம், இருந்த பிளேயர்கள் அத்தனையும் நான் முந்தி நீ முந்தி என்று ஒன்றாகத் திறந்தன. "எடி", "எடி", "எடி" என்று வீடு அதிர்ந்தது. பிறகு ஒரு நீலத் திரை. பிறகு அதுவும் இல்லை.

அஸீமின் கடைக்குக் கொண்டுபோவதைத் தவிர வழி இல்லை. பெட்டியை அம்மாவின் பழைய சேலையால் சுற்றி, திரீவீலரில் மடியில் வைத்துக்கொண்டு புறப்பட்டான். டவுன் எல்லையில் சோதனைச் சாவடி. சார்ஜன்ட் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். சேலைக்குள் ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து வயர் தொங்குகிறது. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். சட்டைப் பையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சீடீ. இதைவிடச் சின்னக் காரணங்களுக்கெல்லாம் ஆட்கள் உள்ளே போய், வெளியே வராமலும் இருந்த நாட்கள் அவை.

"மே மொகத?" என்றார் சார்ஜன்ட். இது என்ன?

மகேந்திரராசா பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டான். "மனமாலி" என்றான். பொம்பிளைக்கு அவனுக்குத் தெரிந்த சிங்களச் சொல் அதுதான்.

சார்ஜன்ட் பெட்டியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "இதற்குள்ளேயா?" என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு, திரீவீலரில் தானும் ஏறிக்கொண்டார்.

துப்பாக்கியோடு வந்தவரைக் கண்டதும் அஸீம் மற்ற வேலையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தான். பயத்தில் மனிதன் ஒழுங்காக வேலை செய்வான் என்பதற்கு அன்றைக்கு அவன்தான் சாட்சி. தான் ஏற்றியதையெல்லாம் அழித்தான். முதலில் இருந்த பிளேயரை அப்படியே விட்டு, சிவப்பு மீன் போட்ட ஒன்றை மட்டும் புதிதாக ஏற்றினான். படம் அச்சொட்டாக வந்தது. அகலமும் இல்லை, பச்சையும் இல்லை. இரட்டைப் பின்னலோடு, ஒல்லியாக, அடக்கமான ஒரு பிள்ளை. வாயே திறக்கவில்லை. கமராவுக்குப் பின்னால் நின்றவள்தான் அவளையும், ஆட்டையும், வெயிலையும்கூட ஏசிக்கொண்டிருந்தாள்.

"சரி, காணும். இனி..." என்று படம் நின்றதும் சார்ஜன்ட் சிங்களத்தில் தீர்ப்புச் சொன்னார். "நல்ல பிள்ளை, கட்டு. ஆனால் அந்தக் கத்துகிறவளை மட்டும் வீட்டுப் பக்கம் சேர்க்காதே. என் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது."

சீடீ கையில் திரும்பி வந்தது. உயிரும் வந்தது. மகேந்திரராசாவுக்கு மனம்தான் வரவில்லை. சேர்க்க வேண்டாம் என்று அவர் சொன்னது எவளையோ, அவளைத்தான் அவன் தேடிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை லீலாதேவி உளுந்து வடை சுட்டார். சிவப்பு மீனில் பொம்பிளையைப் பார்த்ததிலிருந்து அவருக்குக் கால் நிலத்தில் படவில்லை.

"வாய் கூட எண்டு நீங்கள் சும்மா பயப்பிடுத்திப்போட்டியள் அக்கா" என்றார் இராசமணி மாமியிடம். "அது ஒரு சொல்லுப் பறையேல்லை. எங்களுக்குச் சம்மதம்."

இராசமணி மாமி புருவத்தைத் தூக்கினார். "ஒரு சொல்லும் பறையேல்லையோ? ஆச்சரியமாக் கிடக்கு. தம்பி, நீ என்ன சொல்லுறாய்?"

ஓம் என்று சொன்னால் முடிந்துவிடும். ஆனால் அந்தக் குரல் நாளைக்குச் சொந்தக்காரியாகப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வீட்டுக்கு வரும். அவன் அடுத்த அறையிலிருந்து காது கொடுத்துக்கொண்டிருப்பான். வாய் திறக்காத அந்தப் பிள்ளைக்கு அதைவிடத் துரோகம் என்ன இருக்கிறது? இல்லை என்று சொன்னாலோ, அம்மா.

"மாமி, பிள்ளையில ஒரு குறையும் இல்லை" என்றான். "ஆனா ஓம் எண்டால் அது அந்தப் பிள்ளைக்குச் செய்யிற அநியாயம். எனக்கு... அந்தக் கமரா பிடிச்சவவைத்தான் பிடிச்சிருக்கு. அவ கலியாணம் முடிச்சவவோ எண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுவியளே?"

வடைத் தட்டு மேசையில் தொப்பென்று விழுந்தது. "முருகா!" என்று லீலாதேவி தலையில் கைவைத்தார். "பொம்பிளை பாரடா எண்டால், படமெடுக்க வந்தவளைப் பாத்து வைச்சிருக்கிறான்!"

"ஆரைச் சொல்லுறாய் தம்பி? எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நான் உந்த வீடியோ பாக்கவுமில்லை" என்றார் இராசமணி மாமி.

மகேந்திரராசா எழுந்து போய்க் கொம்பியூட்டரைப் போட்டான். சிவப்பு மீனைத் தொடவில்லை. முதன்முதலில் அம்மாவுக்கு இருட்டைக் காட்டிய அந்தப் பழைய பிளேயரைத் திறந்தான். திரை கறுத்தது.

"எடி, நிமிந்து நில்லடி!"

இராசமணி மாமி கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். காது கொடுத்தார். ஆட்டைப் பற்றிய இடம் வந்ததும் தோள் குலுங்கத் தொடங்கியது. "சரி, காணும். இனி..." என்று நின்றபோது அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மிச்சம் எங்க?"

"மிச்சமில்லை மாமி. சீடீ கீறுப்பட்டுப் போச்சு."

"எட விசரா, படத்தில நிக்கிறது, வெளிச்சம் சரியோ எண்டு பாக்க முதல்ல நிப்பாட்டின தங்கச்சிக்காரியாக்கும். இந்தக் கத்துக் கத்துறவள்தான் உனக்குப் பேசின கமலாசனி!"